இரண்டு பக்கம் குறைகிறது

டிசம்பர் 3, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். மழைக்காலத்துத் தாளை இயந்திரம் விழுங்கும், துப்பாது. பத்து மணிக்குள் நான்கு முறை கதவைத் திறந்து, கசங்கிய தாளை உருவி எடுத்தேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஆகாத மாதங்கள்.

பதினொரு மணிக்கு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "அண்ணா, உங்களிடம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல் பழைய பிரதி இருக்கிறதாமே?"

புதுப் பதிப்பு கடைகளில் கிடைக்கிறதே என்றேன். அது தன்னிடம் இருக்கிறதாம். 1972இல் வந்த முதல் பதிப்போடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டுமாம். யார் என்னைப் பற்றிச் சொன்னது என்று கேட்டேன். பெயர் தெரியாது, "பிரெஞ்சு வாத்தியார்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னது யார் என்று புரிந்துவிட்டது. 1994இல் அவர்தான் அந்தப் புத்தகத்தை ஒரு நூலகத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார். மறுநாள் திருப்பித் தர வேண்டும். கடையை மூடிவிட்டு இரவோடு இரவாகப் படி எடுத்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு மூலப்படி ஒன்று. அதன் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். கணக்கு நோட்டில் "தோணி" என்று எழுதி முப்பத்து நான்கு கோடுகள் போட்டிருக்கிறேன்.

பரணில் தேடித் தருவதாக அவளிடம் சொன்னேன். நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

கிடைத்துவிட்டது. பழைய டோனர் பெட்டிக்குள், பாலித்தீன் உறையில், கரப்பான் கைவைக்காமல் இருந்தது. மாணவிக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலப்படியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பது மணிக்குப் படிக்க உட்கார்ந்தவன் இரண்டு மணிக்குத்தான் விளக்கை அணைத்தேன்.

சுமத்திரா மேடான் நகரத்துக்குள் ஜப்பானியப் படை நுழைகிறது. அங்கே பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்கள், பெட்டியடிப் பையன்கள், வட்டிக்கடைக் கணக்குகள். நடுநடுவே மதுரைத் தெருக்கள் மூக்கைத் துளைக்கும் மணத்தோடு எழுந்துவருகின்றன. கோவலனையும் மாதவியையும் பட்டினத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேலி செய்கிறார். பேச்சு எங்கே முடிந்து நினைவு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடுவதற்குள் கதை அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. சில பக்கங்களில் திணறினேன். மறைப்பானேன், ஓரிடத்தில் தூங்கியும் விட்டேன். ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கியது. இரண்டாவதான இதை அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார் ப. சிங்காரம். அச்சேற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு நாவலே எழுதவில்லை. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மேடானுக்குப் போய், மனைவியையும் குழந்தையையும் அங்கே பறிகொடுத்து, போர் முடிந்து திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே இருந்துவிட்டார். இறந்தது 1997இல்.

அந்த ஆண்டைப் பார்த்ததும் கணக்குப் போட்டேன். நான் திருட்டுத்தனமாகப் படி எடுத்த இரவில் அந்த மனிதர் மதுரையில் உயிரோடு இருந்திருக்கிறார். இங்கிருந்து ஓர் இரவுப் பஸ் தூரம். முப்பத்து நான்கு படிகளில் ஒன்றுக்குக்கூட அவருக்கு ஒரு பைசா போகவில்லை. பக்கத்துக்கு ஐம்பது பைசா வீதம் நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

பிரெஞ்சு வாத்தியார் வந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பாரிஸில் இருக்கிறார். இவர் பிறந்த தெருவை விட்டு நகரவில்லை. கையில் வழக்கம்போல ரொட்டிக்கடைப் பொட்டலம்.

"ஐயா, முப்பது வருடம் கழித்து இப்போதுதான் படிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரேன் நெமிரோவ்ஸ்கி என்ற பெயரைக் கேட்டதுண்டா என்றார்.

கீவில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய யூதப் பெண்மணி. 1942 ஜூலையில் கைது செய்தார்கள். ஆகஸ்டில் ஆஷ்விட்சில் இறந்துபோனார். கணவரையும் அங்கேதான் கொன்றார்கள். இரண்டு சிறுமிகள் வீடு வீடாக ஒளிந்து தப்பினார்கள். போகும் இடமெல்லாம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள் மூத்தவள் தெனிஸ். அதற்குள் அம்மாவின் நோட்டுப் புத்தகம். தாள் தட்டுப்பாட்டில் பொடி எழுத்தில் எழுதியது. அம்மாவின் சொந்தக் குறிப்பு என்று எண்ணி, வேதனை தாங்காமல், பல ஆண்டுகள் பிரித்துப் படிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் படி எடுக்க உட்கார்ந்தபோதுதான் அது நாவல் என்று தெரிந்தது. ஐந்து பாகமாகத் திட்டமிட்டதில் இரண்டுதான் முடிந்திருந்தன. 2004இல் 'பிரெஞ்சுத் தொகுப்பிசை' என்று சொல்லத்தக்க தலைப்பில் வெளிவந்தது. ஆசிரியர் இறந்து அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்சின் ரெனோதோ இலக்கியப் பரிசு.

"முதல் பாகத்தின் பெயர் என்ன தெரியுமா தம்பி? 'ஜூன் மாதப் புயல்'. அங்கேயும் புயல்தான்."

"அந்தப் பெண் படிக்காமல் வைத்திருந்ததற்குக் காரணம் துக்கம். எனக்குச் சோம்பல்" என்றேன்.

"படித்திருந்தால் ஒருவேளை யாருக்காவது இரவல் கொடுத்துத் தொலைத்திருப்பாய்" என்றார். சமாதானத்துக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று தெரியவில்லை.

போகும்போது தன்னுடைய பிரதியை எவ்வளவு முறை படித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னார். கூட்டங்களில் பேசும்போதெல்லாம், மேடானிலிருந்து கதை அறுந்து வேறோர் இடத்துக்குத் தாவும் ஒரு கட்டத்தைக் குறிப்பிட்டு, "இந்தத் தாவலுக்குத் துணிச்சல் வேண்டும்" என்பாராம்.

டிசம்பர் 11, வியாழன்

பாரதி பிறந்த நாள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். மாலை போட்டவர்கள் படமும் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தவர், இங்கிருந்து போன பிறகு 1920இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: தன் எழுத்தை எல்லாம் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதியாக அச்சடிப்பது, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் போல வீட்டுக்கு வீடு விற்பது, அதற்குக் கடன் கொடுங்கள். பணம் சேரவில்லை. மறு ஆண்டே இறந்துபோனார். அச்சுக் கூலி, தாள் விலை, பிரதி எண்ணிக்கை என்று கணக்குப் போட்ட பாரதியைப் பற்றி மேடையில் ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பாரதிதான் நெருக்கம், தொழில் அப்படி.

டிசம்பர் 14, ஞாயிறு

காந்தி வீதிச் சந்தையில் மழைக்குப் பயந்து பழைய புத்தகக்காரர் தார்ப்பாயை விரிக்கவே இல்லை. வெறுங்கையோடு மாமியார் வீட்டுக்குப் போனேன்.

அத்தைக்கு எழுபத்தெட்டு. நான் சிங்காரம், நெமிரோவ்ஸ்கி என்று அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து போய், மர அலமாரியிலிருந்து துணி பைண்டு செய்த மூன்று தொகுதிகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். வை.மு. கோதைநாயகி. அவர்களுடைய அம்மா சேர்த்து வைத்தவை. "இதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் மாப்பிள்ளை?"

பள்ளிக்கூடம் போகாதவர் கோதைநாயகி. முதலில் கதையை வாயால் சொல்ல, தோழி எழுதினாள். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை எடுத்து நடத்தத் தொடங்கினார். நூற்றுப் பதினைந்து நாவல். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். இத்தனை பேர் இத்தனை ஆசையாகப் படித்த ஒருவரை இலக்கிய வரலாறு ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

மதியம் முழுக்க ஒரு தொகுதியைப் படித்தேன். உபதேசம் மிகுதி. நல்லவர்கள் நல்லவர்களாகவே இருந்து களைப்பூட்டுகிறார்கள். அதை மெதுவாகச் சொன்னேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', கிருத்திகாவின் 'வாசவேஸ்வரம்' இவையெல்லாம் பேசப்படாமல் போனது அநியாயம். இது போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை என்றேன்.

அத்தை காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "என் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே இதைப் படிக்கத்தான். சமையல்கட்டு விளக்கு வெளிச்சத்தில். நீங்கள் சொல்கிற பெரிய புத்தகம் எதையாவது படிப்பதற்காக யாராவது எழுத்துக் கற்றுக்கொண்டார்களா, கேட்டுச் சொல்லுங்கள்."

சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. நாவலைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் மூன்று தொகுதிகளையும் வாங்கி வந்திருக்கிறேன், ஸ்கேன் எடுத்துவைக்க. முதுகுத் தையல் விட்டுப்போயிருக்கிறது. கண்ணாடியில் அழுத்த முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

பெரிய மார்க்கெட் பக்கம் போனேன். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைக் கடக்கும்போது இன்றைக்கு மட்டும் நின்று பார்த்தேன். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 முதல் 1761இல் இறக்கும் வரை ஊரில் நடந்ததை எழுதிவைத்தவர்: கப்பல் வரவு, துணி விலை, அவமானங்கள், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தது வரை. அந்த நாட்குறிப்பு 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. அவர்தான் "கண்டுபிடித்தார்" என்று எல்லாப் புத்தகமும் எழுதும். 1761க்கும் 1846க்கும் நடுவே எண்பத்தைந்து ஆண்டுகள். கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் அதுவரை காப்பாற்றிவைத்த வீட்டாரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் தொகுதிகளாக வரத் தொடங்கியது அதற்கும் பின்புதான்.

கடைக்குத் திரும்பி இதை மாணவியிடம் சொன்னேன். உ.வே.சாமிநாதையர் கதையும் அப்படித்தான் அண்ணா என்றாள். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா" என்று சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட சாமிநாதையருக்கே தெரியவில்லை. தெரிந்தவர்களைத் தேடிப் போனால், அதே கும்பகோணத்தில் சமணர் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். சிந்தாமணி படித்து முடித்ததற்கு விழா! "பண்டிதர்களுக்குத்தான் மறந்துபோயிருந்தது" என்றாள்.

இந்தப் பெண் தேறுவாள். ஸ்பைரலுக்குக் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

காசு வாங்காததற்கு உடனே பலன் கிடைத்தது. காலையில் கடை திறக்குமுன்பே வாசலில் நின்றாள்.

"அண்ணா, நடுவில் இரண்டு பக்கம் இல்லை."

மூலப்படியைப் புரட்டினேன். உண்மை. 1994 இரவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பக்க எண்ணைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அப்படியானால் அந்த முப்பத்து நான்கிலும் இல்லை. ஒருவர்கூட வந்து கேட்கவில்லையே என்று யோசித்தபோது, எந்த இடம் என்று பார்த்தேன்.

மேடானிலிருந்து கதை அறுந்து தாவுகிற இடம்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் பிரபஞ்சன் இறந்தார். ஆனந்தரங்கர் குறிப்பிலிருந்து 'மானுடம் வெல்லும்' எழுதிய இந்த ஊர்க்காரர். அவரை நினைத்துச் சில நண்பர்கள் கடற்கரையில் கூடினார்கள்; பிரெஞ்சு வாத்தியாரும் வந்திருந்தார். மூன்று நாளாக அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். மாணவியின் புதுப் பதிப்பிலிருந்து அந்தப் பகுதியைப் படி எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு சொன்னேன். முப்பது ஆண்டுக் குற்றம். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். காந்தி சிலைக்குப் பக்கத்து விளக்கடியில் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். காற்று தாளைப் பிடுங்கியது. நான் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.

"நன்றாக இருக்கிறது" என்றார் கடைசியில். கொஞ்சம் கழித்து, "ஆனால் இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

தாளை மடித்து ரொட்டிப் பொட்டலத்துக்குள் செருகிக்கொண்டார். மீதி முப்பத்து மூன்று பேர் யார் யார் என்று கணக்கு நோட்டில் இருக்கிறதா என்று கேட்டார். கோடு மட்டும்தான் போட்டிருக்கிறேன், பெயர் எழுதவில்லை என்றேன்.

"சரி, இரண்டு பக்கத்தையும் ஒரு கட்டு எடுத்துக் கடை வாசலில் வை. வருகிறவர்கள் வரட்டும்."

நாளைக்குத் தாள் வாங்க வேண்டும். உலர்ந்த தாளாகப் பார்த்து.