எக்கோ ரிப்போர்ட்டில் உயரமும் எடையும் இருக்கிறதா?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைப் பற்றி ‘இடது முன் தமனி 3 மி.மீ.’ என்று மட்டும் எழுதிய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பதினைந்து வயதுப் பையனுக்கு அது சாதாரணம். ஆறு மாதக் குழந்தைக்கு வீக்கம். அதனால்தான் கவாசாகி நோயில் (குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் நோய்) உயரம், எடை பார்த்து, உடல் பரப்பைக் கணக்கிட்டு, இசட் ஸ்கோராக, அதாவது அதே உடல் அளவுக்கான சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்ணாக, மாற்றுகிறோம். ஸ்கோர் 2.5 ஆகிவிட்டால் அனூரிசம், அதாவது குழாய் வீக்கம். 5-க்குள் சிறியது, 10-க்குள் நடுத்தரம். 10-ஐத் தொட்டாலோ குழாய் 8 மி.மீ. ஆனாலோ மிகப் பெரியது. எடையை உத்தேசமாகப் போட்டால் ஸ்கோரும் உத்தேசம்தான்.

அளப்பதிலும் கோட்டை விடலாம். குறுக்குவெட்டில் பெருநாடி வால்வைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், இடது தமனி 4 மணிப் பக்கமும் வலது தமனி 10, 11 மணிப் பக்கமும் கிளம்பும். உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளக்க வேண்டும். கிளை பிரியுமிடம் இயல்பிலேயே அகலம். அங்கே அளந்தால் இல்லாத வீக்கம் தெரியும். குழந்தை அழுது புரண்டால் தூக்க மருந்து கொடுத்து நிதானமாக எடுப்பதே மேல்.

காய்ச்சலின் முதல் வாரத்தில் எக்கோ பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. இம்யூனோகுளோபுலின் (நரம்பு வழி ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்து), உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற வேண்டும். கொடுக்காமல் விட்டால் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு அனூரிசம் வரும். சிகிச்சைக்குப் பின் 1-2 வாரத்திலும் 4-6 வாரத்திலும் மறுபடி எக்கோ. வீக்கம் வளர்ந்துகொண்டிருந்தால் வாரம் இருமுறை.

பெரியவர்களுக்கு வரும் அனூரிசத்துக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவுதான் காரணம். பக்கத்து நல்ல பகுதியைப்போல் ஒன்றரை மடங்கு உப்பியிருந்தால் அனூரிசம். இங்கே ஆஞ்சியோகிராம் ஏமாற்றும்: சாயம் ஓடும் பாதை மட்டுமே அதில் தெரியும். வீங்கிய பையின் ஓரமெல்லாம் ரத்தக்கட்டி அடைத்திருந்தால் குழாய் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். சி.டி. ஆஞ்சியோவில் சுவரும் கட்டியும் சேர்ந்தே தெரியும். ஆனால் நாடித்துடிப்பை 60 சொச்சத்துக்குக் கொண்டுவராமல் எடுத்தால் படத்தில் வலது தமனி கலங்கிப்போகும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் உள்ளதைவிடப் பெரிதாகப் பளிச்சிட்டு உள்வழியை மறைக்கும்.

சில வருடங்களில் குழந்தையின் அனூரிசம் ‘சுருங்கிவிட்டது’ என்று ரிப்போர்ட் வரலாம். உள்சுவர் தடித்ததால் வழி குறுகியிருக்கிறது. அந்தச் சுவர் பழைய சுவர் இல்லை. உச்ச அளவு எழுதிய அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்தபின் பார்க்கும் இதய மருத்துவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.