தள்ளிவைத்த 57

என் வடிவமைப்பு வகுப்பு மாணவி ஒருத்தி சுவரில் 60 படங்களை ஒட்டியிருந்தாள். எல்லாம் கெட்டிலின் கைப்பிடிகள். விரல் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு ஒரு கைப்பிடி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. படம் வரையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரே இரவில் எடுத்த படங்கள் அவை. மூன்றை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

"இதில் உன்னுடையது எது?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு தள்ளின 57-ம் என்னுடையதுதான் சார்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. கணினியை இரண்டு வாரம் மூடிவை, நுரைக்கட்டையில் செதுக்கிக்கொண்டு வா என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் படங்களில் இருப்பது நிழலும் பளபளப்பும்தான், பொருள் இல்லை. அதே கைப்பிடியைப் பின்பக்கத்திலிருந்து காட்டச் சொன்னால் வேறொரு கைப்பிடி வந்து நிற்கலாம். பிளாஸ்டிக்கின் தடிமன் எவ்வளவு, அதை வார்க்கும் அச்சான மோல்டு எந்தக் கோட்டில் பிரியும், பிளாஸ்டிக் மோல்டில் சிக்காமல் வெளியே வர ஒன்றிரண்டு டிகிரி சரிவு இருக்கிறதா, எதுவும் அதில் தெரியாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றரை கிலோ. சாய்க்கச் சாய்க்க அந்த எடை இடம் மாறும், மணிக்கட்டு திரும்பும், வலி அங்கேதான் தொடங்கும். இதைப் படம் சொல்லாது, கைதான் சொல்லும்.

ஆனால் புதிய கருவி என்றாலே முகம் சுளிப்பவன் இல்லை நான். இழையை உருக்கி அடுக்கும் த்ரீ-டி பிரிண்டரின் அடிப்படைக் காப்புரிமை 2009-ல் காலாவதியாகி, விலை இறங்கியபோது, அதை வகுப்புக்குள் கொண்டுவரச் சண்டை போட்டவன். அடுக்குகளுக்கு நடுவே பிளந்துபோகிறது என்று மற்றவர்கள் குறை சொன்னபோது, பிளக்கட்டும், ஏன் பிளந்தது என்று மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்றேன். பிரிண்டர் கடைசியில் ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறது, படம் கொடுப்பதில்லை, வித்தியாசம் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சரி, அது உண்மைதான். ஆனால் அவள் சொன்னதற்கு அது பதில் ஆகுமா?

தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புதான் என்று முதல் வாரத்தில் பாடம் நடத்தியவனே நான்தான். நாங்கள் படிக்கும்போது முப்பது ஓவியம் வரைந்து இருபத்தெட்டைக் கிழித்தோம். அவள் கிழித்தது வேறொன்று வரைந்ததை. அந்த 57-ஐ ஏன் தள்ளினாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காரணம் சொல்லியிருந்தால் அவள் வடிவமைப்பாளர். சொல்ல முடியாமல் திணறியிருந்தால் நான் சொன்ன தண்டனையாவது பொருத்தமாக இருந்திருக்கும். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து நுரை மாதிரியோடு வந்தாள். நன்றாகவே இருந்தது, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டேன். அதன்பிறகு பாதி முடிந்த எதையும் அவள் என்னிடம் காட்டியதில்லை. முடிந்த வேலை மட்டும்தான் வரும்.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தக் கருவி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஆனால் தள்ளியவற்றையும் கொண்டுவர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணத்தோடு. நல்ல விதி என்றுதான் நினைத்தேன். போன வாரம் ஒரு மாணவன் 40 காரணங்கள் எழுதி வந்தான். எல்லா வரியும் ஒரே நீளம், ஒரே தொனி. எழுதியது யார் என்ற கேள்வி வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அலமாரியில் இருந்த அவளுடைய நுரை மாதிரியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் பிடித்து, சாய்த்துப் பார்த்தான்.

"கட்டைவிரலுக்கு இடமே இல்லையே சார்," என்றான்.

வாங்கி நானும் பிடித்துப் பார்த்தேன். இல்லைதான்.