கண்ணில் படாத 143 ஜிபி

"தம்பி, மூணு வருஷக் கணக்கையும் அழிச்சுட்டேன். இன்னும் சிவப்பாத்தான் நிக்குது."

கணக்குப் பிரிவு அக்கா இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த காலம். 250 ஜிபி ஹார்ட் டிஸ்க்; விண்டோஸ் கணக்கில் அது 232. மிச்சம் 400 எம்பிகூட இல்லை; இடம் தீரப்போனால் டிரைவின் நீலப் பட்டை சிவப்பாகிவிடும். ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடம் மிச்சமாகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே அழித்திருக்கிறார். அழித்த அன்று கொஞ்சம் இடம் கிடைக்கும், மறுநாள் காலையில் அதுவும் காணாமல் போயிருக்கும். மறுபடி உட்கார்ந்து அடுத்த வருடத்தை அழிப்பார்.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். இடம் போதவில்லை என்றதும் மனிதர்கள் தங்களுடைய சொந்தக் கோப்புகளில்தான் கை வைக்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அவை மட்டும்தான். தாங்கள்தான் ஏதோ சேர்த்து வைத்துக் கெடுத்துவிட்டோம் என்று கூச்சப்பட்டு வேறு பேசுகிறார்கள்.

சி டிரைவைத் திறந்து, உள்ளே இருந்த எல்லா ஃபோல்டர்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தேன். 88 ஜிபி. டிரைவோ 231 நிரம்பிவிட்டது என்கிறது. இடையில் நிற்கும் 143 ஜிபி எங்கே? எந்தக் கணினியிலும் நான் முதலில் போடுவது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். இரண்டு எண்ணும் ஒட்டிவந்தால் பயனரின் கோப்புகளைப் பார்க்கலாம். இடைவெளி பெரிதாக இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸில் மறைப்பதற்கு இரண்டு திரை உண்டு. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் முதல் திரைதான் விலகும். இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை மறைக்கும் இரண்டாவது டிக்கையும் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஹைபர்ஃபில்.சிஸ் வந்தது, 3 ஜிபி. கணினியை ஹைபர்நேட் செய்யும்போது ரேமில் இருப்பதைக் கொட்டி வைக்கும் இடம் அது. விண்டோஸ் 7 வழக்கமாக ரேமில் 75 சதவீதத்தை அதற்கு ஒதுக்கிவிடும். பக்கத்தில் பேஜ்ஃபைல்.சிஸ், 4 ஜிபி. ரேம் போதாதபோது கைகொடுப்பது, அதை நான் தொடுவதில்லை. பிறகு சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், உள்ளே 9 ஜிபிக்கு ஷேடோ காப்பிகள், அதாவது கோப்புகள் முன்பு இருந்த நிலையை விண்டோஸ் அவ்வப்போது எடுத்துவைக்கும் பதிவுகள். அவற்றைத் துடைத்துவிடுவது அன்றைக்கு எங்களுக்குக் கைப்பழக்கம். அதற்கான விஎஸ்எஸ்அட்மின் கட்டளையை முழுதாகத் தட்டிவிட்டேன். என்டர் தட்டப் போன விரல் நின்றது. என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழித்தால், அக்கா செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? கட்டளையை அழித்தேன்.

மொத்தம் 16 தான் ஆயிற்று. மிச்சத்துக்கு வின்டிர்ஸ்டாட்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாக வரைந்து காட்டும் மென்பொருள் அது. அந்த ட்ரீமேப் முறை பிறந்ததே டிஸ்க் நிரம்பிய எரிச்சலில்தான். 1990இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேனின் ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பி வழிய, இடத்தை எது தின்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று அவர் யோசித்தது.

திரையில் பாதிக்கு மேல் ஒரே நிறம், ஒரே அளவுச் சிறு கட்டங்கள், தறியில் நெய்ததுபோல. விண்டோஸுக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டர். 'கேப்_' என்று தொடங்கும் கோப்புகள் ஆயிரத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் 100 எம்பிக்குப் பக்கம், மொத்தம் 126 ஜிபி. அந்த ஃபோல்டருக்கு மறைப்புக் குறி எதுவும் கிடையாது. சாதாரணப் பயனருக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை, அவ்வளவுதான். அனுமதி இல்லாததை எக்ஸ்புளோரர் கூட்டலில் சேர்ப்பதும் இல்லை. திரை விலக்கினாலும் அகப்படாத மறைவு இது.

காரணம் சிபிஎஸ்.லாக். அப்டேட்கள் தங்கள் குறிப்பை எழுதும் கோப்பு. அது பெருத்ததும் விண்டோஸ் அதைச் சுருக்கிக் கட்டிவைக்கப் பார்க்கும். 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் சுருக்கும் நிரலால் முடியாது. பாதியில் தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் போட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும், மறுபடி தோற்கும். அக்கா ஒவ்வொரு வருடமாக அழித்துக் கொடுத்த இடத்தை ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பியது இதுதான். அப்டேட்களை நிறுவும் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சேவையை நிறுத்தி, பெருத்த லாகை வேறு இடத்துக்கு நகர்த்தி, கேப் கோப்புகளை அழித்தேன். சிவப்பு நீலமானது.

லினக்ஸ் சர்வரில் இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு. மொத்த டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் டிஎஃப் கட்டளை நிரம்பிவிட்டது என்கும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை பாதிதான் என்கும். அழித்த லாகை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும்; பெயர் போனாலும் இடம் போகாது. எந்த நிரல் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் பார்த்து அந்த நிரலை மறுபடி தொடங்கினால் முடிந்தது.

அக்காவின் கோப்புகளுக்கு வருகிறேன். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் முந்தைய பதிப்புகள் என்ற டாப் இருந்தது. திறந்தால் ஐந்து நாளுக்கு முந்தைய தேதி. துடைக்கப் போனேனே, அதே ஷேடோ காப்பிதான். மூன்றில் இரண்டு வருடக் கணக்குகள் அதற்குள் அப்படியே இருந்தன. பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது அக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை, பின்னால் நின்று பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அழித்த வருடம் கிடைக்கவில்லை. ஷேடோ காப்பி எடுப்பதற்கு முன்பே அது போயிருந்தது. அச்சடித்த தாள்களை வைத்து வாரக்கணக்கில் அவர் தட்டிச் சேர்த்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் இடம் நிரம்பிவிட்டது என்று யார் கூப்பிட்டாலும், எந்தக் கணினி, எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்னால், "எதையும் அழிக்காதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.