வேலை இருக்கிறது, வேலையில் இருக்கிறாரா?

நேற்று ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில், கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனிடம் "இங்கேதான் வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "வேலை இருக்கு தம்பி. வேலையில இருக்கேனான்னு முதலாளியத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். புள்ளியியல் வல்லுநர்கள் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்க்க முயல்வதும் இதைத்தான்.

1993இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு 'முறைசாராத் துறை'யை வரையறுத்தபோது, பதிவு உண்டா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நிறுவனத்தையே அளவுகோலாகக் கொண்டது. அப்படிப் பார்த்தால், முறையாகப் பதிவுபெற்ற ஒரு பெரிய விடுதியில், ஒப்பந்தமும் வைப்பு நிதியும் இல்லாமல் பாத்திரம் துலக்கும் அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டார். 2003இல் வேலையின் தன்மையையே அளவுகோலாக்கிய பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. இந்தியாவில் 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், சம்பளத்துடன் விடுப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவை உண்டா என்று கூலி, சம்பளம் பெறுவோரிடம் கேட்கிறது.

எனக்குப் பெருஞ்சிக்கலாகத் தோன்றுவது, வீட்டு வளவில் அமர்ந்து விற்பனைக்காக ஓலைக் கொட்டான் முடையும் பெண்களின் கணக்குதான். வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே, அந்த ஆய்வின் 'நடப்பு வார நிலை' என்ற கணக்கின்படி அப்பெண் வேலையில் இருப்பவர். ஆனால் கணக்கெடுக்க வந்தவரிடம் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று அவரே சொல்லி, வந்தவரும் மேற்கொண்டு துருவாமல் போய்விட்டால், அந்த மணி நேரம் எங்கும் பதிவாகாது. என் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்வார், முடைகிற கையை நிறுத்தாமலே.