யாருக்கு என்ன தேவை: ஒரு ஸ்டார்ட்அப் வட்டத்தின் பொதுமுடக்க நாட்குறிப்பு

2020 மார்ச் 14, சனி

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்து மூன்று நாள் ஆகிறது. மாதக் கூட்டம் நின்றுவிட்டது. அதோடு போனது மேடைப் பேச்சு மட்டுமல்ல. பேச்சை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு முடிந்து வாசலில் நின்று பேசும் அந்த அரைமணி நேரம்தான் பெரிய இழப்பு. பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்க உதவும் சேவை) இணைப்பதில் சிக்கிய நிறுவனர், அதை ஏற்கெனவே செய்து முடித்தவரை அங்கேதான் பிடிப்பார். இணையத்தில் அது தற்செயலாக நடக்காது. யாராவது உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஒரு கூகுள் ஷீட், அதாவது பலர் சேர்ந்து பார்க்கவும் திருத்தவும் முடிந்த இணைய அட்டவணை. பெயர், நிறுவனம், நேர மண்டலம், 'இப்போது தேவை', 'என்னால் தர முடிந்தது' என ஐந்து நெடுவரிசை போதும். கடைசி இரண்டும் ஒரே வரியில் முடிய வேண்டும். "முதலீடு வேண்டும்" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. "மருத்துவமனைக் கொள்முதல் பார்க்கும் ஒருவரிடம் 15 நிமிடம் பேச வேண்டும்" என்றால் யாருக்காவது ஓர் ஆளைத் தெரிந்திருக்கும்.

தொலைபேசி எண்களைத் தனி ஷீட்டில் வைக்க வேண்டும். அதே ஷீட்டில் நெடுவரிசையை மறைத்தால் போதாது. பார்க்கும் அனுமதி மட்டும் உள்ளவர்கூட ஒரு நகல் எடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம்.

மார்ச் 20, வெள்ளி

வாட்ஸ்அப் குழுவுக்கு 256 பேர் எல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், வதந்தியும் ஃபார்வர்டும் பெருகி உண்மையான கேள்வி அடியில் புதைவது. அதனால் இரண்டு குழு. ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம், நாளுக்கு ஒரே செய்தி. மற்றது எல்லோருக்கும் திறந்தது. அங்கே வரும் ஒவ்வொரு உதவிக் கேள்வியையும் அன்று மாலைக்குள் ஒருங்கிணைப்பாளர் ஷீட்டில் ஏற்ற வேண்டும்.

ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலிக்கு மாறினாலும் ஷீட் வேண்டும். இலவசத் திட்டத்தில் கடைசி 10,000 செய்திகள்தான் கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு 200 செய்தி வந்தால் 50 நாளில் முதல் நாள் பேச்சு மறைந்துவிடும். சேனல்களும் (தலைப்புவாரியான பேச்சு அறைகள்) நான்கைந்துக்கு மேல் வேண்டாம். வெறிச்சோடிய சேனலில் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வராது.

மார்ச் 28, சனி

இலவச ஜூம் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். அதைத் தடையாகப் பார்க்காமல் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 9 பேர், ஆளுக்கு 3 நிமிடம், ஆக 27. தொடக்கத்தில் 2, கடைசியில் யார் யாருக்கு உதவுவது என்று முடிவு செய்ய 8. மீதி 3 நிமிடம் மைக் வேலை செய்யாதவருக்கு.

பேசும் வரிசையை முதலிலேயே சாட்டில் போட்டுவிட வேண்டும். நேரில் கண்ணசைவில் தெரியும் 'அடுத்து நான்' என்பது திரையில் தெரியாது. ஒலியும் சற்றுத் தாமதமாக வரும். இருவர் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் நிறுத்தி, பிறகு ஒருவரும் பேசாமல் போவது இதனால்தான். இணைப்பு தடுமாறினால் தன் வீடியோவை அணைப்பதோடு, மற்றவர் வீடியோ வராதபடியும் செய்ய வேண்டும். ஒலிக்கு மட்டும் நொடிக்கு 100 கிலோபிட் போதும்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று முதல் இலவச ஜூம் கணக்குகளில் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் தானாகவே இயங்குகின்றன. நல்ல மாற்றம், ஆனால் அதுவே முழுப் பாதுகாப்பு ஆகாது. அழைப்பு இணைப்பிலேயே கடவுச்சொல் மறைந்திருப்பதால், இணைப்பைப் பொதுவெளியில் போட்டால் பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிட்டது போலத்தான். எப்போதும் மாறாத தனிப்பட்ட மீட்டிங் எண் வேண்டாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண். திரைப் பகிர்வு ஹோஸ்ட்டுக்கு, அதாவது கூட்டத்தைத் தொடங்கும் கணக்குக்கு மட்டும்.

இலவசக் கணக்கில் இணை ஹோஸ்ட் வசதி கிடையாது. ஆகவே கணக்கு வைத்திருப்பவர் வாசலைப் பார்க்கட்டும், கூட்டத்தை இன்னொருவர் நடத்தட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் காத்திருப்பு அறையில் ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

ஏப்ரல் 18, சனி

டெமோ நாள், நிறுவனர்கள் தங்கள் தயாரிப்பை இயக்கிக் காட்டும் நாள். 5 நிமிடம் காட்டுவது, 10 நிமிடம் பேச்சு. கெட்டுப்போவதெல்லாம் முதல் நிமிடத்தில்தான். மேக் கணினியில் கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு இருந்தால், திரையைப் பகிர 'ஸ்க்ரீன் ரெக்கார்டிங்' அனுமதி தர வேண்டும். தந்தபின் ஜூமை மூடித் திறக்கவும் வேண்டும். டெமோ நடுவில் இது வந்தால் ஆள் காணாமல் போய்விடுவார். வீடியோ ஓட்டும்போது 'ஷேர் சவுண்ட்' குறியிட மறந்தால் பார்ப்பவருக்கு ஊமைப்படம்தான்.

எனவே முந்தைய நாளே, அதே கணினியில் 10 நிமிட ஒத்திகை. உண்மை வாடிக்கையாளர் தரவு இல்லாத சோதனைக் கணக்கு. நோட்டிபிகேஷன் அணைப்பு. இணைப்பு போனால் கூட்டத்தை நடத்துபவர் ஓட்டுவதற்கு 2 நிமிடப் பதிவு ஒன்று கையில்.

டெமோ முடிந்ததும் உடனே பேச விடாமல், இரண்டு நிமிடம் எல்லோரும் சாட்டில் ஒரு கேள்வி எழுதட்டும். வாய் திறக்கத் தயங்குபவர்களிடமிருந்துதான் பல நேரம் கூர்மையான கேள்வி வருகிறது.

மே 3, ஞாயிறு

வாசல் பேச்சுக்கு மிக அருகில் வருவது இருவர் சந்திப்புதான். வாரம் ஒரு ஜோடி, 25 நிமிடம். குலுக்கிப் போட்டால் அதே ஜோடி திரும்ப வரும், சிலர் சந்திக்காமலே போவார்கள். விளையாட்டுப் போட்டி அட்டவணை போடும் சுழல் முறை இதற்குச் சரி.

ஆறு பேர் என்றால் மேல்வரிசை 1, 2, 3. கீழ்வரிசை 6, 5, 4. மேலும் கீழும் இருப்பவர்கள் ஜோடி: 1-6, 2-5, 3-4. அடுத்த வாரம் 1 அசையாமல் நிற்க, மற்ற ஐவரும் கடிகார முள் திசையில் ஓரிடம் நகர்வார்கள். மேலே 1, 6, 2. கீழே 5, 4, 3. ஐந்து வாரத்தில் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிடுவார்கள். 24 பேருக்கு 23 வாரம் ஆகும். ஒற்றைப்படை வந்தால் ஒருங்கிணைப்பாளர் ஓர் இடத்தை நிரப்பலாம். விலகுபவர் இடத்தை உடனே நீக்காமல் காலியாக விட்டு, அந்தச் சுற்று முடிந்தபின் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முழு அட்டவணையும் கலைந்துவிடும்.

ஜோடி பிரித்து அனுப்பும் செய்தியில் இருவரின் 'தேவை', 'தர முடிந்தது' வரிகளையும் சேர்த்து அனுப்புவது அவசியம். வெறும் பெயர் மட்டும் போனால் 25 நிமிடமும் நலம் விசாரிப்பிலேயே கரையும்.

மே 17, ஞாயிறு

பணம் தீரும் பேச்சு பெரிய கூட்டத்தில் எழாது. ஆறு பேர் கொண்ட மூடிய அறை வேண்டும். பதிவு கூடாது. சாத்தம் ஹவுஸ் விதி பொருந்தும்: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. கூகுள் மீட் இப்போது எல்லோருக்கும் இலவசம், செப்டம்பர் 30 வரை 60 நிமிட எல்லையும் இல்லை. நீண்ட பேச்சுக்கு அதுவே தோது.

கணக்கோடு தொடங்கினால் பேச்சு இலகுவாகிறது. கையிருப்பு 24 லட்சம், மாதச் செலவு 5, வரவு 2 என்றால் நிகரக் கரைவு, அதாவது மாதாமாதம் கையிருப்பிலிருந்து குறைவது, 3. எட்டு மாதம் தாங்கும். வரவு பாதியானால் ஆறு மாதம். வரவு குறையாமல் இரண்டு மாதம் தள்ளிப்போனால்கூட ஏழு மாதத்துக்கும் குறைவுதான். பலர் விற்பனையை மட்டும் பார்த்து, வசூல் தாமதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

ஷீட்டில் பழைய தேவைகள் தேங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதி இட்டு, 14 நாள் தாண்டினால் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே வழி. முடிந்ததா, இன்னும் வேண்டுமா, வாக்கியத்தை மாற்ற வேண்டுமா? பதில் வராத தேவைகளில் பல சரியாக எழுதப்படாதவையாகவே இருக்கும். அறிமுகம் செய்யுமுன் இரு தரப்பிடமும் தனித்தனியே சம்மதம் கேட்க வேண்டும். அனுபவத்தால் உதவும் ஒரே வழிகாட்டிக்கு மாதம் இரண்டு அறிமுகத்துக்கு மேல் அனுப்பினால் அவர் மெல்ல ஒதுங்கிவிடுவார்.

ஒருங்கிணைப்பாளருக்கும் காய்ச்சல் வரலாம். ஜூம் உள்நுழைவு, ஷீட்டைத் திருத்தும் அனுமதி, எண் பட்டியல், வாட்ஸ்அப் அட்மின் உரிமை, இந்த வார ஜோடி அட்டவணை ஆகிய ஐந்தும் இரண்டாவது ஆளிடம் இருக்க வேண்டும். அவர் மாதம் ஒரு முறையாவது முழுக் கூட்டத்தையும் தனியாக நடத்திப் பார்க்க வேண்டும். அடுத்த சனி அவர் முறை.