இரண்டை அழுத்தினால் ஐந்து வந்தது

சிப்-8 எமுலேட்டர் ஒன்றை, அதாவது அந்தப் பழைய கணினி விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டுகிற நிரலை எழுதி, அதன் திரையை லெகோ கற்களாக மாற்றித் தருகிற ஒரு சின்ன நிரலையும் அதோடு சேர்த்திருக்கிறேன். மூன்று வாரமாக, கிடைக்கிற நேரமெல்லாம் இதில்தான் போகிறது. ஆரம்பித்து வைத்தது ஒரே ஒரு கணக்கு. சிப்-8 திரை அகலத்தில் 64 புள்ளி, உயரத்தில் 32. லெகோவில் 32-க்கு 32 குமிழ் (கற்களை மாட்டுகிற சின்ன மேடு) உள்ள அடித்தட்டு ஒன்று உண்டு. அதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் திரை அப்படியே வந்துவிடுகிறது, ஒரு குமிழ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், ஆக 51.2 செ.மீ. அகலம், 25.6 செ.மீ. உயரம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சிப்-8 என்பது நிஜமான ஒரு சில்லு இல்லை. ஆர்சிஏ நிறுவனத்தில் இருந்த ஜோசஃப் வைஸ்பெக்கர், வீட்டில் வைத்து விளையாடுகிற சின்னக் கணினிகளில் எளிதாக விளையாட்டு எழுதுவதற்காக உருவாக்கிய மொழி அது. 1977-இல் வந்த காஸ்மாக் விஐபி கணினியில் ஓடியது. மொத்தம் 35 கட்டளைகள், 4096 பைட் நினைவகம், 16 விசைகள், அவ்வளவுதான். எமுலேட்டர் எழுதிப் பழக நினைப்பவர்களில் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு முழுக் கணினியையும் ஒரே ஆள் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிகிறது.

கற்களின் பக்கம் எல்டிரா, லெகோ மாதிரிகளைக் கணினியிலேயே கட்டிப் பார்க்க உதவுகிற மென்பொருள். 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடுகிற மாதிரி அதை எழுதினார். 1997-இல் அவர் இறந்துவிட்டார், ஆனால் அவர் வகுத்த கோப்பு வடிவத்தை லியோகேட் போன்ற மென்பொருட்கள் இன்றைக்கும் படிக்கின்றன. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு கல்லுக்கு ஒரு வரி. என் நிரல் எழுதுகிற ஒரு வரி இப்படி இருக்கும்:

1 15 40 0 -60 1 0 0 0 1 0 0 0 1

இதன் கடைசியில் அந்தத் துண்டின் கோப்புப் பெயர் வரும், அவ்வளவே. முதல் 1 என்றால் இங்கே ஒரு துண்டு வை என்று அர்த்தம். 15 வெள்ளை நிறம். அடுத்த மூன்றும் அது எங்கே நிற்கிறது என்பது, மிச்ச ஒன்பதும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது. 1-க்கு 1 தட்டைக் கல்லின் எண் 3024. இதற்கு யாரோ முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு எதுவும் வேண்டாம், எந்த மொழியிலும் ஒரு அச்சிடும் கட்டளை போதும்.

அளவுகளைப் பாருங்கள். எல்டிராவில் ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். குமிழுக்குக் குமிழ் 20 அலகு, தட்டைக் கல்லின் உயரம் 8, சாதாரணக் கல்லின் உயரம் 24, குமிழின் உயரம் 4. தசமப் புள்ளி எங்கேயும் தலைகாட்டாது. அந்த மனிதர் செய்ததிலேயே நல்ல காரியம் இந்த அலகைத் தேர்ந்தெடுத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். திரையில் வரைகிற பகுதியை நான் முதலில் எழுதவே இல்லை, கற்கள்தான் என் திரை. சோதித்துப் பார்க்க சிப்-8-இல் ஒரு குட்டி நிரல் எழுதினேன்: ஒரு விசையை அழுத்தினால் அந்த எண்ணைத் திரையின் நடுவில் காட்டும். 0 அழுத்தினேன், கற்களில் 0. அப்புறம் 8, அதுவும் சரி. 3, சரி. 2 அழுத்தினேன், 5 வந்தது. 5 அழுத்தினால் 2.

சிப்-8 விசைப்பலகையில் 2-க்கு நேர் கீழே இருப்பது 5. அதனால் இரண்டு வரிசைகளை இடம் மாற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அடுத்து எழுத்துருவின் மேல் சந்தேகம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து பைட்டுகள், அதாவது ஐந்து வரிசைகள். பைட் பைட்டாக ஒப்பிட்டேன், அதிலும் பிழை இல்லை. இரண்டு இரவுகள் இதிலேயே போயின. மூன்றாம் நாள் தற்செயலாக 4 அழுத்தினேன். வலது பக்கம் ஒரு குச்சி மேலே நிற்கிறது, நடுவில் குறுக்குக்கோடு, அதன் கீழே இரண்டு கால்கள். பார்த்த கணமே புரிந்துவிட்டது. படம் மொத்தமும் தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரி மேல்கீழாக இருந்தது.

இப்போது 2-இன் ஐந்து வரிசைகளையும் நினைத்துப் பாருங்கள்: முழுக்கோடு, வலது ஓரத்தில் ஒரு புள்ளி, முழுக்கோடு, இடது ஓரத்தில் ஒரு புள்ளி, முழுக்கோடு. கீழிருந்து மேலாகப் படித்தால் அச்சு அசல் 5. 0, 3, 8 மூன்றும் கவிழ்த்தாலும் மாறாதவை, நான் முதலில் அழுத்தியதும் அந்த மூன்றையேதான். குறை எமுலேட்டரில் இல்லவே இல்லை. திரையில் வரிசை எண் கீழே போகப் போகக் கூடும். எல்டிராவில் மாதிரியை மேலிருந்து பார்த்தால் மூன்றாவது அச்சு நம்மை விட்டு விலகி, அதாவது மேல்நோக்கிப் போகும். ஒரு கழித்தல் குறி போட்டதும் எல்லா எண்களும் நிமிர்ந்து நின்றன. மேலே காட்டிய வரியில் 60-க்கு முன்னால் இருக்கிறதே, அந்தக் குறிதான்.

அடுத்து வந்தது, பந்தும் மட்டையும் உள்ள விளையாட்டில் பந்து காணாமல் போகிற பிரச்சினை. சிப்-8-இல் ஒரு படத்தை அழிக்கத் தனிக் கட்டளை கிடையாது, அதே இடத்தில் இன்னொரு முறை வரைந்தால் அழிந்துவிடும், ஏனென்றால் வரைவது என்பதே அங்கே புள்ளியைத் திருப்பிப் போடுவதுதான். எரிகிற புள்ளி ஒன்று அதில் அணைந்தால், மோதல் நடந்தது என்று ஒரு பதிவகம் (எண் ஒன்றை வைத்துக்கொள்கிற சின்ன இடம்) சொல்லும். பந்து மட்டையில் பட்டதா என்று அறிய அது ஒன்றே போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் அழிப்பதற்கும் மறுபடி வரைவதற்கும் நடுவில் நான் கற்களுக்குக் கோப்பு எழுதினால் பந்து இருக்காது. கண் அந்த மினுக்கலைப் பொறுத்துக்கொள்ளும், கல்லில் அப்படி முடியாது. கடைசி இரண்டு திரைகளையும் சேர்த்து, எதில் எரிந்தாலும் எரிவதாக எடுத்துக்கொண்டேன். பந்து சில சமயம் கொஞ்சம் நீண்டு தெரிகிறது, பரவாயில்லை.

கற்களின் எண்ணிக்கையைக் குறைக்க, பக்கத்தில் பக்கத்தில் எரிகிற புள்ளிகளை ஒரே நீளக் கல்லாக்கினேன். ஒரு 2-க்கு 14 புள்ளிகள். 1-க்கு 4 கற்கள் மூன்றும் ஒற்றைக் கற்கள் இரண்டும் இருந்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எல்டிராவில் கல்லின் இடம் என்பது அதன் நடுப்புள்ளி, ஓரம் இல்லை. இடது ஓரக் குமிழின் இடத்தைக் கொடுத்தால் 1-க்கு 4 கல் ஒன்றரைக் குமிழ் தள்ளி நிற்கும், பக்கத்துக் கல்லுக்குள் புகுந்தும் நிற்கும், மென்பொருளும் ஒன்றும் சொல்லாது. கையில் வைத்துக் கட்டினால் உடனே தெரிந்துவிடும், கல் உட்காராது.

நேற்று இரவு நீல அடித்தட்டில் வெள்ளைக் கற்களால் அந்த 2-ஐ நிஜமாகவே கட்டி வைத்தேன். அடுத்து சூப்பர் சிப், அதாவது சிப்-8-இன் பிற்கால விரிவாக்கம். அதன் திரை 128-க்கு 64, அதே அடித்தட்டு எட்டு வேண்டும், அகலம் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. மேசையில் வைக்க முடியாது, சுவரில்தான் மாட்ட வேண்டும்.