சிஸ்கோ அழிச்ச டைரி

ஒரு விண்வெளி ஸ்டேஷன்ல நடக்குற டிவி சீரிஸ் ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன், வீட்ல மூணாவது தடவையா ஆரம்பத்துலேந்து ஓடிட்டு இருக்கு. நேத்து ராத்திரி 6வது சீசன் 19வது எபிசோடுக்கு வந்துட்டேன், இன் தி பேல் மூன்லைட். பாத்து முடிச்சுட்டு தூங்கலாம்னு படுத்தா தூக்கமே வரல, அதான் எழுந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். 1998ல வந்த எபிசோடுக்கு ஸ்பாய்லர் வார்னிங்லாம் தேவையான்னு தெரியல, இருந்தாலும் சொல்லிடுறேன், பாக்காதவங்க இங்கயே கழண்டுக்கோங்க, கடைசி சீன் வரைக்கும் எல்லாத்தையும் உடைக்கப் போறேன்.

எபிசோட் ஆரம்பிக்கறதே ஒரு மாதிரிதான் இருக்கும். ஸ்டேஷனுக்கு தலைவரான கேப்டன் சிஸ்கோ தனியா அவரு ரூம்ல உக்காந்துட்டு கம்ப்யூட்டர்கிட்ட டைரி சொல்றாரு, பர்சனல் லாக். ஆனா பார்வை நேரா கேமராவுல, அதாவது நம்ம மேல. யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும், சொல்றதுக்கு ஆள் இல்ல, அதனால நம்மகிட்ட சொல்றாரு. போகப் போக யூனிபார்ம் கழறுது, கையில கிளாஸ் வருது, கடைசில கிளாஸ நம்மள பாத்து தூக்குறாரு. சிஸ்கோவா வர்ற ஏவரி ப்ரூக்ஸ் கொஞ்சம் ஓவரா நடிக்கிறாருன்னு எப்பவும் ஒரு கோஷ்டி சொல்லும், எனக்கும் சில எபிசோட்ல அப்படி தோணிருக்கு, இதுல மட்டும் சொல்ல வாய் வராது.

கதை இதுதான். டொமினியன்ங்கற எதிரிப் பேரரசுகூட போர் நடக்குது, நம்ம ஆளுங்க, அதாவது பூமியும் கூட்டாளி கிரகங்களும் சேர்ந்த ஃபெடரேஷன், தோத்துட்டு இருக்காங்க. வாரா வாரம் வெள்ளிக்கிழமை செத்தவங்க, காணாம போனவங்க பேர் லிஸ்ட் ஒட்டுவாங்க, எல்லாரும் நின்னு படிப்பாங்க, தெரிஞ்ச பேர் ஒண்ணு இருக்கும். ஸ்டேஷன் ஆபீசர் ஜாட்ஸியாவோட பிரண்ட் கேப்டனா இருந்த கெய்ரோங்கற கப்பல், போர்ல சேராத இன்னொரு பேரரசான ரோமுலன்களோட எல்லைப் பக்கம் ரோந்து போன இடத்துல காணாம போயிருக்கும். ரோமுலன்களுக்கு டொமினியன்கூட ஒப்பந்தம் இருக்கு, ஒருத்தர ஒருத்தர் தாக்க மாட்டோம்னு. அதனால எதிரிக் கப்பல் அவங்க ஏரியா வழியா வந்து அடிச்சுட்டு போகும், அவங்க கண்டுக்க மாட்டாங்க. ரோமுலன்கள் மட்டும் நம்ம பக்கம் வந்துட்டா போரோட போக்கே மாறிடும். ஆனா சும்மா கூப்பிட்டா எதுக்கு வருவாங்க? டொமினியன் உங்களையும் அடிக்கத்தான் பிளான் போடுதுன்னு ஆதாரம் காட்டணும். ஆதாரம் இல்ல. அப்போ என்ன பண்றது, செஞ்சுக்க வேண்டியதுதான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலாம்னு சொல்வாங்கல்ல, அதேதான் இது, என்ன பொண்ணு மாப்பிள்ளைக்கு பதிலா ரெண்டு பேரரசு. இந்தக் கல்யாணத்துக்கு தரகர் காரக். ஸ்டேஷன்ல டைலர் கடை வெச்சிருக்க ஆளு, இப்போ டொமினியன் பக்கம் இருக்க கார்டேசியாவோட உளவுத்துறைல ஒரு காலத்துல இருந்தவரு, சிரிச்சுட்டே பேசுவாரு, சொல்றதுல எது உண்மைன்னு ஆறு சீசன் பாத்தாலும் பிடிபடாது. ஆண்ட்ரூ ராபின்சன் அந்த ரோல தின்னுருப்பாரு. முதல்ல நிஜ ஆதாரமே தேடலாம்னு கார்டேசியாவுல இருக்க தன்னோட பழைய ஆளுங்ககிட்ட காரக் பேசிப் பாக்குறாரு, ஒரு நாளுக்குள்ள அவங்க எல்லாரும் குளோஸ். அப்புறம்தான் போலி ரெக்கார்டிங் ஐடியாவே வருது.

இந்த இடத்துலேந்துதான் எபிசோடோட எழுத்து எனக்கு பயங்கரமா பிடிக்கும். மத்த கதைங்கள்ல தர்மசங்கடம்னா ஹீரோ முன்னாடி ரெண்டு பட்டன் இருக்கும், இத அழுத்தினா ஒருத்தன் சாவான் அத அழுத்தினா ஊரே சாகும், ஹீரோ அஞ்சு நிமிஷம் ஜன்னல் வழியா நட்சத்திரத்த பாத்துட்டு முடிவெடுப்பாரு. இங்க பட்டனே கிடையாது, தவணைதான். முதல்ல போலி ரெக்கார்டிங் செய்யத் தெரிஞ்ச டோலாருன்னு ஒருத்தன கிளிங்கான் ஜெயில்லேந்து எடுக்கணும், அவன் மரணதண்டனைக்கு காத்துட்டு இருக்க கைதி. வந்தவன் ஸ்டேஷன்ல பார் நடத்துற க்வார்க்க கத்தியால குத்திடுறான், சரி, கேஸ் ஆகக்கூடாது, அதனால க்வார்க்குக்கு லஞ்சம் கொடுக்கணும். லஞ்சம் வாங்கிட்டு க்வார்க் சந்தோஷமா தாங்க்ஸ் சொல்லுவான் பாருங்க, எல்லாருக்கும் ஒரு விலை இருக்குங்கற அவங்க இனத்தோட 98வது வியாபார விதி மேல திரும்ப நம்பிக்கை வந்துருச்சுன்னு, சிஸ்கோ மூஞ்சிய அப்போ பாக்கணும். அப்புறம் ரெக்கார்ட் பண்றதுக்கு நிஜ கார்டேசியன் டேட்டா ராட், அதாவது ரெக்கார்டிங் பதியுற குச்சி, வேணும், அத வெச்சிருக்கவன் காசு கேக்கல, பயோமிமெடிக் ஜெல் கேக்குறான், கடைசில 85 லிட்டர்னு முடிவாகுது. அதுல உயிரியல் ஆயுதம் செய்யலாம், டாக்டர் பஷீர் முடியாதுன்னு நிக்கிறாரு, எழுத்துல உத்தரவு கொடுங்கன்னு கேக்குறாரு, சிஸ்கோ கொடுத்துடுறாரு. நடுவுல ஃபெடரேஷன்ல இருக்க பீட்டாஸெட் கிரகமே எதிரி கையில போயிடுது, மேலிடமும் பிளானுக்கு ஓகே சொல்லிடுது. ஒவ்வொரு படியும் முந்தின படிய விட கொஞ்சம்தான் கீழ, அதனால எந்த இடத்துலயும் ச்சீ போதும்னு எழுந்து போக முடியாது, அவராலயும் முடியல, பாத்துட்டு இருந்த என்னாலயும் முடியல.

அப்புறம் ரோமுலன் செனட்டர் வ்ரீனாக் வர்றாரு, டொமினியன்கூட அந்த ஒப்பந்தத்த பேசி முடிச்ச ஆளே இவருதான். ஸ்டீபன் மெக்ஹாட்டி, கொஞ்ச நேரம்தான் வர்றாரு, ஆனா அந்த இளக்காரப் பார்வை! வந்ததும் அவங்க ஊரு கலிஃபல் குடிக்க கொடுப்பாங்க, மெஷின்ல செஞ்சது. வாசனை பத்தலன்னு குறை சொல்லிட்டு, ஆனா ஒரு நிமிஷம் இது நிஜம் இல்லங்கறதயே மறந்துட்டேன்னு சொல்லுவாரு. முதல் தடவை பாக்கும்போது இத சும்மா திமிர்ப் பேச்சுன்னு விட்டுட்டேன். மொத்த கதையும் அந்த ஒரு கிளாஸ்ல இருக்கு. போலி ரெக்கார்டிங்க விடிய விடிய சோதிச்சுட்டு, இது போலின்னு அவரு கத்துற சீன்தான் அப்புறம் மீமா சுத்துச்சு, எபிசோட் பாக்காதவங்களுக்குகூட அந்த மூஞ்சி தெரிஞ்சிருக்கும்.

கவனிங்க, இந்த இடத்துல சிஸ்கோவோட பிளான் தோத்தாச்சு. இதோட விட்டிருந்தா அவரு மாட்டிக்கிட்ட பொய்யன், அவ்ளோதான். ரெண்டு நாள் கழிச்சு வ்ரீனாக்கோட கப்பல் வெடிச்சுருச்சுன்னு நியூஸ் வருது. சிஸ்கோவுக்கு அந்த செகண்ட்ல புரிஞ்சுடுது, நேரா டைலர் கடைக்கு போய் காரக்க ஒரு குத்து. காரக் வாய்ல ரத்தத்தோட பொறுமையா விளக்குறாரு, இடிபாட்டுல ரோமுலன்கள் அந்த ராட எடுப்பாங்க, அதுல இருக்க குறையெல்லாம் வெடிச்சதால வந்த சேதம்னு நெனச்சுப்பாங்க, செனட்டர கொன்னது டொமினியன்னு நம்புவாங்க. டோலாரும் காலி. அப்புறம் கேப்டன பாத்து சொல்ற விஷயம்தான் அடி: உன்னால செய்ய முடியாதத நான் செய்வேன்னு தெரிஞ்சுதானே என்கிட்ட வந்த.

முதல் தடவை பாத்தப்போ நான் முழுசா சிஸ்கோ கட்சி. பாவம் மனுஷன், பொய் வரைக்கும்தான் போனாரு, கொலை காரக் வேலைன்னு அண்ணன்கிட்ட சண்டையே போட்டிருக்கேன். இப்போ அப்படி சொல்ல வரல. அந்தக் குத்த மறுபடி பாருங்க. அதுக்கப்புறம் அவரு என்ன பண்ணாரு? காரக்க அரெஸ்ட் பண்ணல. அந்த நேரத்துல ரோமுலன்கள் போர் அறிவிக்கவே இல்ல, உங்க செனட்டர கொன்னது டொமினியன் இல்லன்னு ஒரு மெசேஜ் அனுப்பினா போதும், எல்லாம் நின்னுரும். அனுப்பல. முழு எபிசோட்லயும் உண்மையான முடிவு அதுதான், ஆனா அத நமக்கு காட்டவே மாட்டாங்க. டைலர் கடைலேந்து கிளம்புனவரு திரும்ப நம்ம முன்னாடி பேசும்போது ரோமுலன்கள் போர்ல குதிச்சாச்சு, நடுவுல அவரு சும்மா இருந்திருக்காரு. அடிச்சதுகூட கோவம்தானா இல்ல தன் மனசுக்கு கொடுத்த ரசீதான்னு இப்போ சந்தேகமா இருக்கு.

அண்ணன் இன்னமும் அதே கட்சிதான். ரெண்டு உயிர் போய் கோடிக்கணக்கான உயிர் பிழைச்சா அதுல யோசிக்க என்ன இருக்குங்கறான். சரி, சிஸ்கோவுக்கும் அப்படித்தான்னா ஏன் அந்த லாக அழிக்கச் சொல்லணும்? இதோட என்னால வாழ முடியும்னு ஒரு தடவை உறுதியா சொல்றாரு, கொஞ்சம் விட்டு திரும்பவும் அதையே சொல்றாரு. ரெண்டாவது தடவை குரல் வேற. நேத்து அந்த பத்து செகண்ட மட்டும் நாலஞ்சு தடவை ரீவைண்ட் பண்ணி பாத்தேன், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி கேக்குது. அப்புறம் டிலீட். 1999ல சீரிஸ் முடியுற வரைக்கும் இந்த ரகசியம் வெளில வரவே வராது, போர் ஜெயிக்கறதுல ரோமுலன்களுக்கு பங்கு இருக்கும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வேற ஷோவா இருந்தா ரெண்டு எபிசோட் கழிச்சு மாட்டிவிட்டு, அழ வெச்சு, மன்னிச்சு கணக்க முடிச்சிருப்பாங்க.

ஒண்ணு மட்டும், புதுசா பாக்கப் போறவங்க ரேட்டிங் நல்லாருக்கேன்னு இத மட்டும் தனியா எடுத்து பாக்காதீங்க. குறைஞ்சது போர் ஆரம்பிக்கிற 5வது சீசன் கடைசி எபிசோட்லேந்தாவது வாங்க. சிஸ்கோ எப்படிப்பட்ட மனுஷன்னு தெரியாம பாத்தா இது வெறும் ஸ்பை கதை. காரக்க தெரியணும்னா இன்னும் பின்னாடி போகணும், முதல் சீசன்லயே ஒரு தடவை வந்து பஷீர் தோள்ல கை வெச்சு சிரிப்பாரு, அங்கேந்து ஆரம்பிங்க.